இல்லாத நாட்டின் அடுக்களை

மாயக்கதை எழுதுகிறவர் ஒரு நாட்டையே படைத்துவிடுகிறார். மலையை எழுப்புகிறார்; ஆற்றை ஓடவிடுகிறார்; அரச குலத்துக்கு ஏழு தலைமுறைப் பெயர்களைச் சூட்டுகிறார். குதிரை பறக்கிறது, பாம்பு பேசுகிறது. நாமும் மறுப்பின்றி நம்பிக்கொண்டு கூடவே போகிறோம். பிறகு கதைத் தலைவன் பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழைகிறான். அங்கே அவனுக்கு என்ன பரிமாறுகிறார்கள்? "அறுசுவை உண்டி" என்று ஆசிரியர் இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார். காட்டில் திரிந்தால் "காய், கனி, கிழங்கு", தேவலோகமானால் "அமுதம்". அந்த இடத்தில்தான் நம்முடைய நம்பிக்கை மெல்ல நழுவுகிறது. பறக்கும் குதிரையை நம்பிய மனம், அந்தக் குதிரைக்கு யார், எந்த வயலில் கொள் விளைவித்தார்கள் என்று கேட்கத் தொடங்குகிறது.

இந்தக் குறை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. டயானா வின் ஜோன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர், மாய நாட்டுக்குச் சுற்றுலாப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் நூல்போல ஒரு கேலி அகராதியை 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த நாட்டில் எங்கே போனாலும் கிடைக்கும் உணவு ஒன்றே ஒன்றுதான். ஸ்ட்யூ என்னும் கெட்டியான இறைச்சிக் குழம்பு அது. மணிக்கணக்கில் அடுப்பில் வேக வேண்டிய பண்டத்தை, பகைவனுக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருக்கிற வீரர்கள் ஒவ்வொரு மாலையும் எப்படிச் சமைத்து உண்கிறார்கள் என்று அவர் வியந்திருக்கிறார். அந்தப் பகுதியைப் படித்த எழுத்தாளர் பலர் தங்கள் கைப்பிரதிகளை எடுத்துத் திருத்தியிருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

இல்லாத ஒரு நாட்டுக்கு நம்பத்தக்க உணவை எவ்வாறு படைப்பது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். விந்தையான பெயரும் விந்தையான நிறமும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். நீல நிறச் சோற்றையும் ஊதா நிறப் பாலையும் கதைகளில் நானும் கண்டிருக்கிறேன். அவை கண்ணைக் கவரும், நாக்கைத் தொடுவதில்லை. அந்தச் சோறு எந்த மண்ணில் விளைந்தது, எந்த விறகில் வெந்தது, யாருடைய கைக்கு எட்டிற்று, யாருக்கு எட்டாமற் போயிற்று என்ற செய்திகளே ஓர் உணவை நம்பும்படி செய்கின்றன. இவற்றுள்ளும் கடைசியாகச் சொன்ன செய்திதான் கதைக்கு உயிர் என்பது என் துணிபு.

இதற்கு வேண்டிய இலக்கணத்தைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்த நிலத்தில் தோன்றி அந்த நிலத்துக்கே உரியனவாக இருப்பவற்றைக் கருப்பொருள் என்றார். கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வத்தை முதலில் வைத்தார். தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் உணவுக்குப் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்தைக் கவிதைக்குள் கொண்டுவர விரும்புகிறவன், அங்கே மக்கள் எதை வணங்குகிறார்கள் என்று கேட்டவுடன் எதை உண்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது அந்த வரிசையிலிருந்து விளங்குகிறது.

பழைய உரையாசிரியர்கள் இதை விரித்து எழுதியிருக்கிறார்கள். குறிஞ்சிக்குத் தினையும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல்லும் உணவு. இவை நாம் எதிர்பார்ப்பவைதாம். நெய்தலுக்கு வரும்போது, மீனை விற்றதனாலும் உப்பை விற்றதனாலும் பெற்ற பொருளே அங்கே உணவு என்கிறார்கள். பாலைக்கு வந்தால், வழிப்போக்கரிடம் பறித்ததும் ஊர்களில் சூறையாடியதுமே உணவு என்கிறார்கள். இந்த இரண்டு குறிப்புகளையும் கதை எழுதுவோர் ஊன்றிப் பார்க்க வேண்டும். உப்பங்கழியில் நெல் விளைவதில்லை. ஆகையால் அங்கே உலை ஏற வேண்டுமானால் உப்பு வண்டி உள்நாட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வண்டி திரும்பாத நாளில் உலை இல்லை. பாலை நிலத்தானுக்கு வழிப்போக்கர் வராத நாளில் உலை இல்லை. நிலத்தின் உணவு என்ன என்ற ஒரு கேள்வியிலிருந்தே வணிகமும் பகையும் பிரிவும் தாமே முளைப்பதைப் பாருங்கள்.

ஆற்றுப்படை நூல்களை நாம் புலவர்களின் வறுமையையும் வள்ளல்களின் கொடையையும் அறிவதற்காகவே பெரும்பாலும் படிக்கிறோம். அவற்றின் அமைப்பை வேறு கண்ணால் நோக்கினால், இன்றைய மாயக்கதைகள் பெரிதும் கையாளும் அமைப்பே அதுவென்று தெரியும். ஒருவன் பல நிலங்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்கிறான். ஒவ்வொரு நிலத்திலும் வேறு மக்கள், வேறு வழக்கம், வேறு உணவு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நோக்கிப் போகும் பாணன், வழியில் எயினர் குடியிருப்பை அடைகிறான். அங்கே பெண்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புழுதியில் ஆடிப் புல்லரிசியைச் சேர்க்கிறார்கள். விளாமரத்து நிழலில், நிலத்திலேயே குழித்த உரலில் இட்டு, குட்டையான உலக்கையால் குற்றுகிறார்கள். ஆழமான கிணற்றில் ஊறும் சிறிதளவு உவர்நீரை முகந்து வருகிறார்கள். வாய் ஒடிந்த பழைய பானையை உடைந்த அடுப்பில் ஏற்றி, உப்புக்கண்டம் சேர்த்துச் சோறாக்குகிறார்கள். பாணனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் அதைத் தேக்கிலையில் குவித்துக் கொடுக்கிறார்கள்.

இந்த உணவின் சுவையைப் பற்றிப் புலவர் பேசவில்லை. ஆயினும் அதை உண்டவர்போல் நாம் உணர்கிறோம். வாய் ஒடிந்த பானை போதும். புதுப் பானை வாங்க அந்தக் குடியிருப்புக்கு வழியில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. உவர்நீர் இருக்கிறது, ஆகவே சோற்றிலும் அந்த உவர்ப்பு இருக்கும். தமக்கே அரிதான அரிசியை வழியில் வந்தவனுக்குக் குவித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே விருந்தோம்பல் அங்கே எத்தகைய சட்டம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதே பாணன் மேலே நடக்கிறான். இடையர் குடியில் பாலோடு தினைச்சோறு கிடைக்கிறது. மருத நிலத்தில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியின் பொரியலும் கிடைக்கின்றன. அந்தணர் இல்லத்தில் மாதுளம் பிஞ்சைப் பிளந்து, மிளகுப்பொடி கலந்து, கறிவேப்பிலை சேர்த்து வெண்ணெயில் வேகவைத்த கறியும் மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன. ஒரு நாள் நடையில் பானையும் மாறுகிறது, இலையும் மாறுகிறது, உண்ணும் மக்களின் பேச்சும் மாறுகிறது. வரைபடம் எதுவும் காட்டாமல் ஒரு நாட்டின் பரப்பை நமக்கு உணர்த்திவிடுகிறார் புலவர்.

இனி, மண்ணைப் போலவே விறகும் ஒரு நாட்டின் சமையலை ஆளுகிறது. லாசா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். பருப்பு எளிதில் வேகாது. மரங்களும் அரிது, யாக் என்னும் கவரி எருமையின் சாணமே எரிபொருள். இத்தகைய நாட்டில் மக்கள் என்ன செய்வார்கள்? வாற்கோதுமையை மணலில் வறுத்து மாவாக்கி வைத்துக்கொள்கிறார்கள். பசிக்கும்போது வெண்ணெய் கலந்த தேநீரில் அந்த மாவைப் பிசைந்து உண்கிறார்கள். ஒருமுறை மூட்டிய நெருப்பு பல நாள் உணவுக்குப் போதுமானதாகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வேறொரு வழி கண்டார்கள். அங்கே பகலில் கடும் வெயில், இரவில் உறைபனி. உருளைக்கிழங்கை இரவில் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். இதைப் பலநாள் செய்தால் கிழங்கு கல்லைப்போல் இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். இதற்குச் சுன்யோ என்று பெயர். வானிலையே அங்கே சமையற்காரன்.

இவை கற்பனைகள் இல்லை. எனினும் எந்தக் கற்பனைக்கும் இவை குறைந்தவையும் இல்லை. இவற்றை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டுவது நல்ல எழுத்தாகாது. ஒரு மக்கள் தங்களுக்கு நேர்ந்த இடுக்கணிலிருந்து எவ்வாறு ஓர் உணவைக் கண்டுபிடித்தார்கள் என்ற முறையைத்தான் எழுத்தாளர் கற்றுக்கொள்ள வேண்டும்.

சொல்லிக்காட்டுவதைவிடச் செய்து காட்டுவது மேல். ஒரு தீவைப் படைத்துப் பார்ப்போம். எரிமலைத் தீவு, ஓயாத காற்று, மரமே இல்லை. கொஞ்சம் வாற்கோதுமை விளைகிறது. சில இடங்களில் நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊறி மண்ணே சுடுகிறது. விறகில்லாத மக்கள் மாவைப் பிசைந்து பாத்திரத்தில் மூடிச் சுடுமண்ணில் புதைக்கிறார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துத் தோண்டி எடுத்தால் அப்பம் வெந்திருக்கிறது. ஐஸ்லாந்து நாட்டில் ரை என்னும் தானிய மாவு ரொட்டியை இவ்வாறு வெந்நீர் ஊற்றருகே புதைத்துச் சுடும் வழக்கம் உண்மையாகவே உண்டு. ஆகையால் இதை யாரும் மறுக்க முடியாது. நம் தீவார் அதைப் புதையப்பம் என்று அழைக்கட்டும்.

இவ்வளவோடு நின்றால் இது வெறும் செய்தி. மேலே கேட்டுக்கொண்டே போக வேண்டும். சுடுமண் எல்லா வீட்டுக் கொல்லையிலும் இருக்குமா? இராது. அப்படியானால் அது சொத்தாகிவிடும். தந்தையிடமிருந்து மகனுக்கோ, தாயிடமிருந்து மகளுக்கோ போகும். சுடுகுழி இல்லாத வீட்டார் பிறருடைய குழியில் மாவைப் புதைத்து, கூலியாகப் பாதி அப்பத்தைக் கொடுப்பார்கள். "குளிர்மண்ணான்" என்பது அங்கே வசைச்சொல்லாக இருக்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் குழியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்னும் ஒன்று: அப்பம் வேக ஒரு நாள் ஆகும் என்றோமே, எதிர்பாராமல் விருந்தினர் வந்துவிட்டால் என்ன செய்வது? நேற்றுப் புதைத்ததைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது வேறு யாருக்காகவோ புதைக்கப்பட்டது. ஆகவே அந்தத் தீவில் விருந்தினன் அப்பத்தைக் கையில் வாங்கியவுடன், "இது யாருடையது?" என்று கேட்பது மரபாக இருக்கும். அந்த வீட்டில் இன்றிரவு பசியோடு படுக்கப்போகிறவரின் பெயரை அவனுக்குச் சொல்வார்கள். விருந்தினன் அந்தக் கடனை மறக்கக் கூடாது.

கதைத் தலைவன் வெளிநாட்டான். இந்த மரபு அறியாதவன். கேட்காமலே உண்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை தானே நடக்கத் தொடங்கிவிட்டது. வாளும் வேண்டியதில்லை, மந்திரமும் வேண்டியதில்லை.

இவ்வாறு தொடர்ந்து வினவும் பழக்கம் உர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளரிடம் சிறப்பாக இருந்தது. அவர் தந்தையார் ஆல்பிரட் குரோபர் பெயர்பெற்ற மானிடவியல் அறிஞர். 1969-இல் வெளிவந்த அவருடைய 'இருளின் இடக்கை' என்ற நாவலில் ஓயாத குளிர் நிலவும் ஓர் உலகம் வருகிறது. அங்கே உண்ணத்தக்க பெரிய விலங்குகள் இல்லை. ஆகவே பால் இல்லை, வெண்ணெய் இல்லை. முட்டையும் மீனும் கொட்டைகளும் தானியமுமே உடலுக்குச் சூடு தருபவை. அவை போதாமையால் மக்கள் நாளுக்கு நான்கு வேளை உண்கிறார்கள். உண்ணும் மேசையில் ஒவ்வொருவர் முன்பும் ஒரு சிறு கருவி கிடக்கிறது. ஒரு மிடறு பருகி அடுத்த மிடறு பருகுவதற்குள் குவளையின்மேல் படிந்துவிடும் பனியேட்டை உடைப்பதற்கான கருவி அது. அந்த உலகின் குளிரைப் பத்துப் பக்கம் வருணித்தாலும் இந்தச் சிறு கருவி செய்யும் வேலையைச் செய்ய முடியாது.

கூர்ந்து பார்த்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. தன் வீட்டு அடுக்களை அறியாமலே கதைக்குள் புகுந்துவிடும். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' என்ற நூலில், விருந்தினருக்குக் குளிர்ந்த கோழிக்கறியும் தக்காளியும் கொண்டுவரும்படி மந்திரவாதி சொல்கிறார். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழைய வடமேற்கு ஐரோப்பாவைப்போல் தாம் அமைத்த நாட்டுக்கு அது பொருந்தாது என்று கண்டு, 1966-ஆம் ஆண்டுப் பதிப்பில் தக்காளியை நீக்கி ஊறுகாயை வைத்தார். அதே அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கை மட்டும் அவரால் விட முடியவில்லை. அவருடைய தோட்டக்காரர்கள் அதைத் தொடர்ந்து பயிரிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆங்கிலேயருக்கு உருளைக்கிழங்கின்மேல் உள்ள பற்றை இலக்கணத்தால் வெல்ல முடியாது போலும்!

நம் தமிழ்நாட்டு எழுத்தாளர் சோழர் காலத்தைத் தழுவி ஒரு கற்பனை அரசைப் படைத்தால், அங்கே தக்காளி ரசமும் மிளகாய்ச் சட்டினியும் வந்துவிடாமல் காவல் காக்க வேண்டும். கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கத் தீவுகளை அடைந்ததற்குப் பின்னரே அந்தக் கண்டத்துப் பயிர்கள் கடல் கடந்து பரவின. மிளகாய் வருவதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. சற்றுமுன் சொன்ன மாதுளங்காய்க் கறியிலும் மிளகுதான் இருந்தது.

மிளகாய் என்ற சொல்லையே பாருங்கள். அறியாத ஒரு காய் வந்தபோது நம் முன்னோர், அறிந்த மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து அழைத்தார்கள். உருளைக்கிழங்கு என்றார்கள், நிலக்கடலை என்றார்கள். புதுப் பண்டத்துக்குப் பழைய சொற்களைக் கூட்டிப் பெயரிடுவதே மக்கள் வழக்கம். ஆகவே கற்பனை நாட்டுப் பண்டங்களுக்கு நாக்கில் சுழலாத ஒலிகளைத் தேடி அலைவது வீண் உழைப்பு. அந்த மக்களுக்கு முன்பே தெரிந்த பொருள் எது என்று எண்ணி, அதிலிருந்து பெயரை அமைக்கலாம். ஓரிரு பெயர்கள் விளங்காமல் இருக்கட்டும். எல்லாமே விளங்காமற் போனால் படிப்பவர் உணவை விட்டுவிட்டு அகராதியைத் தேடுவார்.

ஒரு பண்டம் நாடு விட்டு நாடு போகும்போது அதன் செய்முறையும் கூடப் போகிறதா என்பது மற்றொரு கேள்வி. மெக்சிகோ நாட்டுப் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைப்பார்கள். ஐரோப்பியர் சோளத்தை எடுத்துப் போனார்கள். சுண்ணாம்பை எடுத்துப் போகவில்லை. அதை ஒரு மூடப் பழக்கமாகவே கருதியிருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்களின் தோல் வெடித்தது, அறிவு கலங்கிற்று, பலர் மாண்டார்கள். பெல்லாக்ரா என்ற அந்த நோய்க்கு, நியாசின் என்னும் ஊட்டச்சத்து உடலுக்குக் கிட்டாமையே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. சோளத்தில் பிணைந்து கிடக்கும் அந்தச் சத்தை விடுவிப்பது சுண்ணாம்பு. வென்றவன் தானியத்தைக் கொண்டுபோகிறான். தோற்றவளின் அடுக்களை அறிவை இகழ்ந்து விட்டுவிட்டுப் போகிறான். மாயக்கதை எழுதுவோர் யாரேனும் இந்தக் கருவை எடுத்தாண்டால் நான் ஆவலோடு படிப்பேன்.

மந்திர உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாயக்கதை என்றால் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் வராமல் இராது. குறையாத பாத்திரம் வந்தவுடன் பசி தீர்ந்துவிடும். பசி தீர்ந்தால் கதையும் தீர்ந்துவிடும் அன்றோ? சீத்தலைச் சாத்தனார் இந்த இடரை நன்கு அறிந்திருந்தார். மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்ததும் அது தானாகச் சுரந்துவிடவில்லை. கற்புடைய ஒரு பெண் தன் கையால் முதற்பிச்சை இட வேண்டும், ஆதிரை இடுகிறாள். எவ்வளவு பெரிய தெய்வப் பாத்திரமானாலும் அதன் தொடக்கம் ஒரு சாதாரண வீட்டின் சோற்றுப் பானைதான்.

அந்தப் பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதை இதனினும் ஆழமானது. அவன் மதுரையில் பசித்தவர்க்கெல்லாம் உணவளித்தான். இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொன்னபோது, தனக்கு எதுவும் வேண்டாம் என்று நகைத்துவிட்டான். சினந்த இந்திரன் அவனை ஒறுக்கக் கண்ட வழி என்ன தெரியுமா? மழையைப் பொழிவித்தான். நாடு விளைந்தது, பசித்தவரே இல்லாமற் போயினர், பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஆபுத்திரன் உண்பாரைத் தேடி அலைந்தான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் வாடுகிறார்கள் என்று கேட்டுக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் இரவில் போய்விட்டது. ஆளில்லாத தீவு. உலகுக்கே சோறு போடத்தக்க பாத்திரம் கையில் இருக்கிறது. தன் ஒருவன் வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். உலக மாயக்கதைகளில் வரும் மந்திர உணவுகளை நான் ஓரளவு படித்திருக்கிறேன். டோல்கீன் படைத்த லெம்பாஸ் என்னும் இலை சுற்றிய அப்பமும் நல்ல கற்பனைதான். ஒன்றைத் தின்றால் ஒரு நாள் முழுவதும் நடக்கலாம். ஆனால் மந்திரத்தின் எல்லை எது, அதை ஏந்தியவனின் துன்பம் எது என்று ஆபுத்திரன் கதை காட்டுவதைப்போல் அதில் இல்லை.

விருந்தை எழுதுகிறவனுக்குப் பசி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. சி. எஸ். லூயிஸ் எழுதிய மாயக்கதை ஒன்று 1950-இல் வெளிவந்தது. அதில் வரும் சூனியக்காரி, எட்மண்ட் என்ற சிறுவனுக்கு ஒரு துருக்கி நாட்டு இனிப்பைக் கொடுத்து மயக்குகிறாள். அந்த இனிப்புக்காக அவன் உடன்பிறந்தாரையே காட்டிக்கொடுக்கப் புறப்படுகிறான். இன்று படிக்கும் குழந்தைகள், ஒரு மிட்டாய்க்காகவா என்று கேட்கிறார்கள். அந்நாளில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் தொடங்கிய மிட்டாய்ப் பங்கீடு 1953 பிப்ரவரி வரையில் அங்கே நீடித்தது. புத்தகத்தைப் படித்த குழந்தைகள் மிட்டாயை ரேஷனில் வாங்கித் தின்றவர்கள்.

மற்றவர் பிரயன் ஜாக்ஸ். 1939-இல் லிவர்பூலில் பிறந்து அதே பங்கீட்டுச் சோற்றில் வளர்ந்தவர். பிற்காலத்தில் பால் வண்டி ஓட்டினார். பார்வையற்ற குழந்தைகளின் பள்ளி ஒன்றுக்கும் பால் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுவதற்காகவே எலிகளும் அணில்களும் வாழும் ஒரு மடத்தைப் பற்றிக் கதை எழுதினார். 1986-இல் அது 'ரெட்வால்' என்ற நூலாயிற்று. அதன் விருந்துகள் புகழ்பெற்றவை. கேட்பவர்களுக்குக் கண் இல்லை; ஆகவே தட்டின் அழகைச் சொல்லிப் பயனில்லை. மேலோடு நொறுங்கும் ஒலியும், உள்ளிருந்து எழும் ஆவியின் மணமும், பல்லில் படும் கொட்டையின் உறுதியும் சொல்ல வேண்டியிருந்தது. இவர் பின்னாளில் தம் ஊர் வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. வானொலியில் பேசுகிறவனுக்கும் இதே நிலைதான். இப்போது நான் எந்தப் பண்டத்தையும் உங்களுக்குக் காட்ட முடியாது. ஒடிந்த பானையை ஒலியாகத்தான் தர முடியும்.

இறுதியாக, சிறுபாணாற்றுப்படையிலிருந்து இரண்டு அடுக்களைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதல் அடுக்களை பாணனுடையது. அதில் நெருப்பு மூட்டி நெடுநாள் ஆயிற்று. அங்கே குட்டி போட்ட நாய், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையை இழுப்பதைப் பொறுக்காமல் குரைக்கிறது. சுவரைக் கறையான் அரித்துவிட்டது. புழுதியில் காளான் பூத்திருக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறிவில்லாதவர் கண்டு பழிப்பார்களே என்று நாணி, வாயிற் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு கூடி உண்கிறாள்.

இரண்டாவது அடுக்களை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுடையது. அங்கே வீமசேனன் எழுதிய சமையல் நூலின் முறை தவறாமல் பலவகை உணவுகள் ஆக்கப்படுகின்றன. பொற்கலத்தில் அவற்றை இட்டு, மன்னன் தானே முன்னின்று உண்பிக்கிறான். வீமன் எழுதிய சமையல் நூல்! மாயக்கதை எழுதுகிறவர் எவருக்கும் இதைக் கண்டால் பொறாமை வரும். ஆனால் அந்த உணவுகள் எவை என்று நல்லூர் நத்தத்தனார் ஒன்றையேனும் பெயர் சொல்லவில்லை. பலவகை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். கீரை எங்கே முளைத்தது, எதனால் கிள்ளப்பட்டது, எது சேராமல் வெந்தது, எந்தக் கதவு அடைபட்டது என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்.